வெண்மணி இரவும் ஒரு கவிஞரும்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25. பங்கு ஆலயங்களில் குடில்கள் ஒளிர, நாம் இயேசு பாலனின் பிறப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதே இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரு குடிசை எரிந்தது. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அதனுள் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைப் பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

அந்த நெருப்பு ஓர் இளங்கவிஞரின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது. அவர்தாம் இன்குலாப். 1944இல் கீழக்கரையில் பிறந்தவர். இயற்பெயர் சாகுல் அமீது. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் பயின்றார். 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பங்கேற்றார். பின்னர் சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியரானார். திராவிட இயக்கத்தின்மீது பற்றுக் கொண்டிருந்த அவரை, வெண்மணி இடதுசாரிச் சிந்தனையின் பக்கம் திருப்பியது.

அவர் எழுதிய ‘மனுசங்கடா’ என்னும் பாடலைக் கே.ஏ. குணசேகரன் ஊர்தோறும் பாடினார். எழுதியவர் யாரென்று அறியாமலேயே அதைப் பாடியவர்கள் எத்தனையோ பேர்! சோழப் பேரரசின் பெருமையைக் கேள்விக்கு உட்படுத்திய அவரது கவிதை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நாடகத்திலும் அவர் பார்வை அவ்வாறே இருந்தது. கோலூன்றிய மூதாட்டியாகவே நாம் அறிந்திருந்த ஔவையை, யாழும் கள்ளும் அறிந்த இளம் பாணர்குலப் பெண்ணாக ‘ஔவை’ நாடகத்தில் மீட்டெடுத்தார்.

ஈழத் தமிழர் துயரை முன்னிட்டு, தாம் பெற்றிருந்த கலைமாமணி விருதைத் திருப்பி அளித்தார். 2016 டிசம்பர் 1 அன்று மறைந்தார். அவரது உடல் மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக வழங்கப்பட்டது. மறு ஆண்டு ‘காந்தள் நாட்கள்’ நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்துவிட்டனர். விருதுக்காக எழுதியவர் அல்லர் அவர் என்பதே அவர்கள் தந்த விடை.

விருது பெறுவது பிழையன்று; தகுதியுடையோரைப் போற்றுவது சமுதாயத்தின் கடமையுங்கூட. ஆயினும், எரிந்தவர்களின் பக்கம் நின்று பேசிய ஒருவருக்கு, அதிகாரத்தின் கையிலிருந்து வரும் மாலை கனமாகத்தான் இருந்திருக்கும். அவர் நம் சமயத்தவர் அல்லர். எச்சமயத்தையும் பற்றி நின்றவரும் அல்லர். இருப்பினும், அவர் எழுப்பிய வினா நம் வாசலிலும் நிற்கிறது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஆண்டுதோறும் வைக்கோல் பரப்பிக் குடில் அமைக்கிறோம். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஓர் ஏழைக் குடும்பத்தின் நினைவு அது. அடுத்த டிசம்பரில் அதன்முன் முழந்தாளிடும்போது, அதே நாளில் எரிந்த அந்தக் குடிசையையும் சற்றே நினைப்போமா? நம் தெருவில், நம் கல்லறைத் தோட்டத்தில், இன்னும் யாருக்கு இடமில்லை என்று கேட்போமா?