அலோன்சோவின் கால்கள்: லான் சேனியின் நடிப்பில் வலியும் ஒருமுகமும்

லான் சேனி (1883–1930) பற்றிய எழுத்துகள் ஒரே தடத்தில் நடந்து பழகியவை. வலியைத் தாங்கினார், தாங்கியதால் பெரும் நடிகரானார் என்பது அந்தத் தடம். ‘தி பெனால்டி’ (1920) படத்தில் கால்களைப் பின்னால் மடக்கிக் கட்டி முழங்காலில் நடந்தது, ‘தி ஹஞ்ச்பேக் ஆஃப் நாத்ரதாம்’ (1923) படத்துக்காகச் சுமந்த கூன், ‘தி பேன்டம் ஆஃப் தி ஆப்பரா’ (1925) படத்தில் மூக்கை மேல்நோக்கி இழுத்துவைத்த ஒப்பனை எனச் சான்றுகள் அடுக்கப்படும். அடுக்கின் உச்சியில் டாட் பிரௌனிங் இயக்கிய ‘தி அன்னோன்’ (1927) வைக்கப்படும். இக்கட்டுரை அந்த உச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வலிக் கொள்கை மிக உறுதியாக நிற்பதாகக் கருதப்படும் அந்த இடத்தில்தான் அது மிகவும் தளர்ந்திருக்கிறது என்பது என் கருத்து.

கதையில் வாதத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். மாட்ரிட் நகரில் ஒரு ஜிப்சி சர்க்கஸில் கையில்லாதவனாக வேடமிட்டு, காலால் துப்பாக்கி சுட்டும் கத்தி வீசியும் பிழைக்கிறான் அலோன்சோ. உண்மையில் அவனுக்கு இரண்டு கைகளும் உண்டு. ஒரு கையில் இரட்டைக் கட்டைவிரல் இருப்பதால் அடையாளம் தெரிந்துவிடும் என்று இரண்டையும் உடம்போடு இறுக்கிக் கட்டி மறைத்திருக்கிறான். அவன் காதலிக்கும் நானனுக்கோ (ஜோன் கிராஃபோர்ட்) ஆண்களின் கை பட்டாலே அருவருப்பு. அவளுடைய தந்தையை அலோன்சோ கழுத்தை நெரித்துக் கொல்லும்போது கொலையாளியின் இரட்டை விரலை அவள் பார்த்துவிடுகிறாள். ஓர் அறுவை மருத்துவரை மிரட்டித் தன் கைகளை நிஜமாகவே வெட்டிக்கொள்கிறான் அலோன்சோ. திரும்பி வரும்போது நானன் தன் அச்சம் நீங்கி, பலசாலி மலபாரை (நார்மன் கெர்ரி) மணக்கத் தயாராக இருக்கிறாள்.

வலிக் கொள்கையின் தலையாய ஆவணம் கிராஃபோர்ட் 1962இல் வெளியிட்ட தன்வரலாறு. சேனியின் கைகள் இறுகக் கட்டப்பட்டிருந்தன, ஷாட்டுகளுக்கு இடையில் அவற்றை அவிழ்த்துக்கொள்ள வசதி இருந்தும் அவர் மறுத்தார், ஒருநாள் ஐந்து மணி நேரம் அப்படியே மரத்துப்போய் வேதனையில் இருந்தார் என்று அவர் எழுதுகிறார். இந்தப் பகுதி திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டிருக்கிறது. வேதனைதான் திரையில் தெரியும் தீவிரத்தின் ஊற்று என்ற முடிவு இதிலிருந்தே பெறப்படுகிறது.

கைகள் கட்டப்பட்டிருந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. உடனிருந்தவர் சொல்கிறார். படச்சட்டகத்தில் சேனியின் மேலுடம்பைப் பார்த்தாலும் அது விளங்கும். ஆயினும் இந்தச் சாட்சியத்தை எடைபோடும்போது இரண்டு செய்திகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, அதன் காலம். படம் எடுத்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நினைவு அது. இடையில், 1957இல், ஜேம்ஸ் காக்னி சேனியாக நடித்த வாழ்க்கைப் படம் வெளிவந்து, அவருடைய வாழ்வைத் துயரத்தின் கதையாகவே மக்கள் மனத்தில் பதித்திருந்தது. 1962இல் சேனியை நினைவுகூரும் எவரும் அந்தப் பதிவைக் கடந்துதான் நினைவுகூர முடியும். கிராஃபோர்ட் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. எதை நினைவில் முன்னுக்குக் கொண்டுவருவது என்பதைக் காலம் தீர்மானிக்கும் என்பதே என் கருத்து.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு அடுத்தபடியாக அதே நினைவில் கிராஃபோர்ட் வேறொன்றையும் சொல்கிறார். சேனி நடிக்கும்போது அவரிடம் இருந்த ஆழ்ந்த ஒருமுகத்தைக் கண்ட பிறகே, காமிராவின் முன் நிற்பதற்கும் நடிப்பதற்கும் உள்ள வேறுபாடு தமக்கு முதன்முதலாக விளங்கியது என்கிறார். ஒரு நடிகை இன்னொரு நடிகரிடம் தொழில் கற்ற கணம் இது. இதுவரை வந்த ஆய்வுகள் வேதனையை வாதமாகவும் ஒருமுகத்தை அதன் விளைவாகவும் படித்துவிட்டன. கிராஃபோர்ட் அப்படிக் காரணகாரியம் கட்டவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார். இணைத்தவர்கள் நாம்.

இணைப்பு சரிதானா என்று சோதிக்கப் படத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. அலோன்சோவும் அவனுடைய குள்ள உதவியாளன் கோஜோவும் (ஜான் ஜார்ஜ்) தனியாக இருக்கிறார்கள். மறைக்க எவருமில்லை, கட்டு அவிழ்ந்திருக்கிறது, கைகள் விடுதலையாகக் கிடக்கின்றன. அலோன்சோ யோசனையில் ஆழ்ந்திருக்கிறான். அவனுடைய கால் சிகரெட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறது, தீக்குச்சியைப் பற்றவைக்கிறது, மீண்டும் சிகரெட்டை வாங்கிக்கொள்கிறது. பக்கத்திலேயே இரண்டு கைகள் வேலையற்று இருக்கின்றன. கோஜோ சிரிக்கத் தொடங்குகிறான். உனக்குக் கைகள் இருப்பதையே மறந்துவிட்டாய் என்று சுட்டிக்காட்டுகிறான். அப்போதுதான் அலோன்சோ கீழே பார்க்கிறான். கை இல்லாமலே வாழ முடியும் என்ற எண்ணமும், அதனால் கைகளை நீக்கிவிடலாம் என்ற கொடிய முடிவும் அந்த ஒரு பார்வையில் பிறக்கின்றன. சேனியின் ஆகச் சிறந்த கணங்களில் இதுவும் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை.

இந்தக் காட்சியில் சேனியின் கைகள் கட்டப்படவில்லை. கட்டினால் காட்சியே இல்லை. கிராஃபோர்டும் இதில் இல்லை. அவருடைய சாட்சியம் அவர் சேனியோடு சேர்ந்து நடித்த காட்சிகளைப் பற்றியது, அவற்றில் அலோன்சோ எப்போதும் கட்டுண்டவன். ஆக, படத்தின் திருப்புமுனையான காட்சி வலிக் கொள்கையின் ஆவணத்துக்கு வெளியே நிற்கிறது. இதை யாரும் போதிய அளவு கவனிக்காதது வியப்பாக இருக்கிறது.

அடுத்த செய்தி இன்னும் கனமானது. சட்டகத்தில் நாம் பார்க்கும் கால்கள் சேனியுடையவை அல்ல. டெக்சாஸைச் சேர்ந்த, பிறவியிலேயே கைகளற்ற பால் டெஸ்மியூக் என்பவர் இந்தப் படத்தில் சேனிக்கு டூப்பாகப் பணிபுரிந்தார். சில பட்டியல்களில் பீட்டர் டிஸ்முக்கி என்ற பெயரில் காணப்படுபவர் இவரே. கத்தியையும் சிகரெட்டையும் கையாளும் கால்கள் அவருடையவை. அதே சட்டகத்தில் மேலே தெரியும் முகமும் மார்பும் சேனியுடையவை. இந்தச் செய்தி ஆய்வாளர்களுக்குப் புதிதன்று. ஆனால் இது ஒரு படப்பிடிப்புத் தந்திரமாகவோ, சேனியின் பெருமைக்குச் சற்றுக் குறைவு சேர்க்கும் அடிக்குறிப்பாகவோதான் கையாளப்பட்டு வந்துள்ளது. வலியின் அடிப்படையில் ஒரு நடிகரை உயர்த்தினால், வேறொருவர் கால் கொடுத்தது சங்கடமாகத்தான் இருக்கும்.

ஒருமுகத்தை அடிப்படையாகக் கொண்டால் சங்கடம் மறைந்து, காட்சியின் உண்மையான கடினம் கண்ணில் படுகிறது. பழக்கத்தால் ஒன்றைச் செய்பவன் அதைப் பார்ப்பதில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாசலில் நிற்பவரோடு பேசும் ஒருவரின் கண் கத்தியில் இருக்காது. அலோன்சோவுக்குக் கால் அப்படிப் பழகிவிட்டது என்று பார்வையாளர் நம்ப வேண்டும். ஆனால் சேனிக்கு அந்தக் கால் அந்நியமானது. எப்போது எழும், எந்த வேகத்தில் வரும் என்பதை அவருடைய நரம்பு அறியாது. வாய்க்கு அருகே வரும் இன்னொருவரின் பாதத்தையும் எரியும் தீக்குச்சியையும் எவருடைய கண்ணும் இயல்பாகவே தேடிப் போகும். சேனியின் கண் போகவில்லை. உதடு சரியான தருணத்தில் திறந்து சிகரெட்டை வாங்குகிறது, முகம் வேறெங்கோ இருக்கிறது. ஒரு வேற்றுடம்பின் அசைவை எதிர்பார்த்தபடியே, எதிர்பார்ப்பின் சுவடு எதுவும் முகத்தில் தெரியாமல் இருப்பது எளிதல்ல. கோஜோ சிரித்த பிறகு கண் கீழே இறங்கும்போது, அதுவரை பார்க்காமல் இருந்ததன் முழுக் கனமும் அந்த இறக்கத்துக்குக் கிடைக்கிறது. நம் இலக்கணிகள் மெய்ப்பாடு என்று வகுத்தது உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை. இங்கே உள்ளம் ஓர் உடலிலும் அதன் பழக்கம் மற்றோர் உடலிலும் இருக்க, பார்ப்பவருக்கு ஒரே மெய்ப்பாடாகத் தோன்றுகிறது.

கைகள் கட்டப்பட்ட காட்சிகளில் வலி பங்காற்றியிருக்காதா என்று கேட்கலாம். பங்காற்றியிருக்கலாம். ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. காரணம் படத்தின் அமைப்பிலேயே உள்ளது. அறுவைக்கு முன்பும் பின்பும் அலோன்சோ கையில்லாதவனாகவே தெரிகிறான். சேனியின் கைகள் இரண்டு இடங்களிலும் கட்டப்பட்டே இருக்கின்றன. கட்டும் வேதனையும் ஒன்றே என்று கொண்டால், விளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். திரையில் தெரிபவையோ இரண்டு வெவ்வேறு உடல்கள். முன்பகுதியில் நானன் அவனை அணைக்கும்போது, போர்வைக்குள் இருக்கும் கைகளை அவள் உணர்ந்துவிடக் கூடாது. அவள் அப்படித் தழுவ விடாதே என்று கோஜோ எச்சரிக்கிறான். அந்த அலோன்சோவின் தோள்கள் எதையோ காவல் காப்பவை. ஆசையும் ஒதுக்கமும் ஒரே அசைவில் இருக்கும். அறுவைக்குப் பின் வருபவனிடம் காவல் இல்லை, காக்க ஒன்றுமில்லை. அவன் அவளை நோக்கித் தன் மார்பை முழுதாகக் கொண்டுவருகிறான். நீ மெலிந்துவிட்டாய் என்று அவள் சொல்லும்போது அவன் முகத்தில் வருவது மகிழ்ச்சி. மறைத்த கைக்கும் இழந்த கைக்கும் உள்ள வேறுபாட்டை, ஒரே கட்டின் கீழ், தோளாலும் மார்பாலும் மட்டுமே காட்டியிருக்கிறார் சேனி.

மலபாரின் கைகள் நானனைத் தொடுவதைக் கண்டு, நிலைமை புரிந்து, அவன் சிரித்து அந்தச் சிரிப்பு அழுகையாக உடையும் இடத்தை வலிக் கொள்கையினர் தம் பக்கச் சான்றாக வைப்பார்கள். பர்ட் லங்காஸ்டர் முதலிய பிற்கால நடிகர்களும் அதை வியந்திருக்கிறார்கள். அங்கும் நாம் காண்பது வேதனைப்படும் ஒருவரை அல்ல. மகிழ்ச்சியாக நடிக்கும் கடமையை ஒரு முகம் எத்தனை நொடி சுமக்க முடியும் என்று அளந்து, அந்த அளவு முடியும்போது விட்டுவிடும் ஒருவரைத்தான் காண்கிறோம். அளந்து செய்வது வலியால் வராது.

வேறு சில மறுப்புகளுக்கு இடம் அதிகம் தேவையில்லை. 1968இல் பாரிஸின் சினிமாதெக் ஃபிரான்சேஸ் காப்பகத்தில் கிடைத்த பிரதி முழுமையானதன்று. செக் நாட்டுப் பிரதியின் உதவியோடு ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2022இல் ஏறத்தாழ பத்து நிமிடங்களை மீட்டுச் சேர்த்தது. அந்தச் சேர்க்கைகள் கட்டு, விடுதலை, துண்டிப்பு என்ற வரிசையை மாற்றவில்லை. ஒப்பனை வாதமும் இங்கே எடுபடாது. ‘ஆயிரம் முகங்கள் கொண்டவர்’ என்ற பட்டமும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஒப்பனை பற்றி அவரே எழுதிய கட்டுரையும் ஆய்வைப் பல காலம் முகப்பூச்சின் பக்கம் சாய்த்துவிட்டன. அலோன்சோவின் முகத்தில் பூச்சு என்று சொல்லத்தக்க உருமாற்றம் எதுவுமில்லை.

சேனியின் பெற்றோர் செவித்திறன் அற்றவர்கள் என்பதைக் கொண்டு அவருடைய ஊமை நடிப்பை விளக்குவது இன்னொரு வழக்கம். பொதுவாக அந்த விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லாவற்றையும் விளக்குவது எதையும் விளக்காது. ஆனால் இந்தக் காட்சிக்கு மட்டும் ஓர் ஊகத்தை எச்சரிக்கையோடு முன்வைக்கலாம். சைகை மொழி பேசும் வீட்டில் ஓய்ந்திருக்கும் கையும் பேச மறுக்கும் கையும் வேறு வேறு. சிகரெட் காட்சியில் சேனியின் கைகள் வெறுமனே கிடக்கவில்லை. அவற்றிடம் யாரும் எதுவும் கேட்காததுபோல் இருக்கின்றன. இந்த நுணுக்கத்தைக் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கழிந்த அவருடைய இளமைக்காலத்தோடு தொடர்புபடுத்துவது அதீதமாகாது என்று கருதுகிறேன்.

சேனியின் ஒரே பேசும் படமான ‘தி அன்ஹோலி த்ரீ’ (1930) வெளிவந்தபோது, அதில் கேட்கும் ஐந்து குரல்களும் தம்முடையவையே, வேறெவரும் குரல் கொடுக்கவில்லை என்று அவர் உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அது ஒரு விளம்பர உத்தி என்று ஒதுக்கப்படுகிறது. விளம்பரம்தான், ஆனால் அந்த விளம்பரம் எந்த மதிப்பை விற்றது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே உடம்பிலிருந்து வந்தால்தான் நடிப்பு என்ற மதிப்பு அது. வலிக் கொள்கை இன்றும் அந்த மதிப்பைத்தான் சுமக்கிறது. ‘தி அன்னோன்’ படத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சேனி அதைவிடப் பெரிய ஒன்றைச் செய்துகாட்டியிருந்தார்: ஒரு பாத்திரத்தை இரு உடல்கள் சேர்ந்து ஏற்பது, அதில் ஒரு தையலும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு டெஸ்மியூக்கின் பாதங்களில் இருந்த திறமை சேனியின் முகத்தில் இருந்ததற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. படப் பட்டியல்களில் அலோன்சோ என்ற பாத்திரத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும். கைகளற்ற ஒரு கலைஞரின் பணியை ஒரு நட்சத்திரத்தின் அடிக்குறிப்பாக வைத்திருப்பதற்கு ஆய்வுலகிடம் நியாயமான காரணம் எதையும் நான் காணவில்லை.