ரேந்தை நகரத்தில் முளைத்த சிறகு

ஆகாயவிமானத்தின் வரலாற்றை மாணவருக்குக் கூறும்போது நாம் 1903ஆம் ஆண்டில், றைற் சகோதரரிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்னர், தென்மேற்கு இங்கிலாந்தில் சமசெற் பகுதியைச் சேர்ந்த சார்ட் என்னும் சிறு நகரத்தில், கைவிடப்பட்ட ரேந்தை ஆலையொன்றினுள் நீராவியால் இயங்கும் மாதிரி விமானம் பறக்கவிடப்பட்டது. அதனைச் செய்தவர் ஜோன் ஸ்றிங்பெலோ. இம்முயற்சி பல்கலைக்கழகத்தில் நிகழாது ரேந்தை ஆலையில் நிகழ்ந்தமைக்குக் காரணம் உண்டு.

1816ஆம் ஆண்டில் லவ்பரோ நகரில், கூலிக்கும் வேலைக்கும் அஞ்சிய தொழிலாளர் ஜோன் ஹீத்கோட் என்பவரின் ஆலையிற் புகுந்து 55 ரேந்தை இயந்திரங்களை நொறுக்கினர். அக்கிளர்ச்சி தொடர்பாகச் சிலர் தூக்கிலிடப்பட்டனர். ஹீத்கோட் தென்மேற்கிலுள்ள ரிவேற்றன் நகருக்குத் தமது தொழிலை மாற்றினார். அடுத்து வந்த ஆண்டுகளில் சார்ட் நகரமும் ரேந்தை நகரமாயிற்று.

1799இல் பிறந்து, நொட்டிங்காமில் ரேந்தைத் தொழில் பயின்ற ஸ்றிங்பெலோ, 1820ஆம் ஆண்டளவில் சார்ட்டுக்கு வந்தார். இயந்திரங்களுக்கு வேண்டிய பொபின்களையும் அவற்றைத் தாங்கும் உறுப்புக்களையும் செய்வது அவர் தொழில். ஓர் இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான பொபின்கள் வேண்டும். ஒவ்வொன்றும் மிக மெல்லிய பித்தளைத் தகடு. மயிரிழை பிசகினாலும் நூல் சிக்கிவிடும். மெலிவும் துல்லியமும் பழகிய அக்கைகளே பின்னர் பாரமற்ற நீராவி எஞ்சினை ஆக்கின.

அதே நகரில் ரேந்தைத் தொழிலில் ஈடுபட்டிருந்த வில்லியம் ஹென்சன், 1842இல் 150 அடி அகலச் சிறகுடைய விமானம் ஒன்றுக்கு உரிமை கோரினார். விமானம் எழுமுன்னரே கம்பனி எழுந்தது! பிரமிட்டுகளுக்கு மேலே அது பறப்பதாகப் படங்கள் அச்சாகின. 1843இல் விடயம் பாராளுமன்றம்வரை சென்றது. ஆனால் ஏளனம் கிடைத்ததேயன்றிப் பணம் கிடைக்கவில்லை.

நண்பர் இருவரும் 20 அடி மாதிரி ஒன்றை அமைத்தனர். பிறர் நகைப்புக்கு அஞ்சி, தொழிலாளர் துணையுடன் இரவில் அதனை ஊர்ப்புற மேட்டுநிலத்துக்குக் கொண்டுசென்றனர். பனியில் நனைந்த பட்டுச் சிறகு எழ மறுத்தது. ஹென்சன் மனமுடைந்து அமெரிக்கா சென்றார்.

ஸ்றிங்பெலோ தளரவில்லை. 1848இல் அவர் செய்த 10 அடி மாதிரி, சாய்த்துக் கட்டிய கம்பியில் ஓடி விடுபட்டது. அது தன் வலுவினாலேயே பறந்ததா என ஐயுறும் ஆய்வாளரும் உளர். அவரது எஞ்சினின் சிறப்பையோ எவரும் மறுத்திலர். 1868இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த விமானக் கண்காட்சியில், பாரத்துக்கேற்ற வலுவில் சிறந்ததென அவரது எஞ்சின் 100 பவுண் பரிசு பெற்றது. 1883இல் அவர் மறைந்தார்.

றைற் சகோதரரும் சைக்கிள் திருத்துநரே. அவர்களது எஞ்சினை ஆக்கியவர் அக்கடையின் தொழிலாளி சார்ல்ஸ் ரெய்லர். விஞ்ஞானத்தைத் தனிமனித மேதையின் கனவாக மட்டும் கற்பிப்போமாயின், இக்கைகள் யாவும் பாடநூலிலிருந்து மறைந்துவிடும்.

லவ்பரோவில் உழைப்போரின் சோற்றுக்கு அச்சுறுத்தலாய் நின்ற அதே இயந்திரம், சார்ட்டில் உழைப்பாளி ஒருவரின் கைத்திறனுக்குச் சிறகு தந்தது. இயந்திரம் யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதே அன்றும் இன்றும் நாம் கேட்கவேண்டிய கேள்வி.