மூடிய கதவு யாருக்கு?

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் டாக்டரின் மேசையைச் சுற்றியே வரிசை நிற்கிறது. ஒரு பெண் தன் நோயைச் சொன்னால் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும். அதில் அவள் தெருக்காரரும் இருக்கலாம். இது வெறும் இட நெருக்கடியா?

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனை 1880இல் வந்தது. அந்த நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பரிந்துரைத்த வார்டு ஒரு நீண்ட திறந்த கூடம். காற்று, வெளிச்சம், செவிலியரின் கண்காணிப்பு எல்லாம் அதில் கணக்கில் இருந்தன. நோயாளியின் பேச்சு இல்லை.

சாதி இதை இன்னும் கொடூரமாக்கியது. 1929இல் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தலித் ஆசிரியரின் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் உடல்நிலை மோசமானது. சேரிக்குள் வர மறுத்த டாக்டர், அவரை வெளியே கொண்டுவரச் சொன்னார். தெர்மாமீட்டரைக்கூட இன்னொருவர் கைவழியாகவே கொடுத்தார். நோய் விசாரணை நடந்தது வெட்டவெளியில். அந்தப் பெண் இறந்துபோனார்.

மாற்றம் போராட்டத்தால் வந்தது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் போகும் என்ற நிலை. பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். பரிசோதனை மையங்களில் தனி ஆலோசனை அறை விதியானது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்தது.

ஆனால் அந்தக் கதவு ஒரு நோயோடு நிற்கக் கூடாது. எண்ணூர் ஆலைத் தொழிலாளி காசநோயைச் சொல்லவும், திருவொற்றியூர்ப் பெண் கருக்கலைப்பு பற்றிக் கேட்கவும், வன்கொடுமைக்கு உள்ளானவர் நடந்ததைச் சொல்லவும் அது வேண்டும்.

பெரிய செலவு இல்லை. அரைச்சுவர் போதாது, மேலே இடைவெளி இருந்தால் குரல் தாண்டிவிடும். கூரை வரை சுவர், சரியாக மூடும் கதவு, தள்ளிப் போட்ட காத்திருப்பு இருக்கைகள், பெயரும் நோயும் கூவாத டோக்கன் முறை.

உங்கள் பகுதியில் நகர்ப்புற சுகாதார நிலையம் கட்டுகிறார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தைக் கேளுங்கள். டாக்டர் அறையின் சுவர் எதுவரை எழுகிறது என்று முதலில் பாருங்கள்.