ஓசூர்ச் சிற்றூர்களின் குடிக்கணக்கு

ஊர் என்ற சொல்லைக் கவிஞர்களாகிய நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். அதன் எல்லை எது, அதனுள் வாழ்வோர் எத்தனை பேர் என்று அரசுதான் கேட்கிறது. ஓசூர் வட்டாரத்தில் அந்த எண் சொல்லியது எவ்வளவு, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று காண்பதே என் நோக்கம்.

இப்பகுதி முன்னர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கில் அம்மாவட்டத்தின் மக்கள் 19,66,995 பேர். 1881இல் 15,99,595 பேர். இடையில் வந்தது 1876–78 பெரும்பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னது. குறைந்தவர்களுள் மாண்டோர் எத்தனை, கூலி தேடி அகன்றோர் எத்தனை என்பதை இவ்விரு எண்களும் பிரித்துக் காட்டவில்லை. பஞ்சம் ஓய்ந்த 1878ஆம் ஆண்டின் டிசம்பரில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், அவ்வூர் முன்சீப்பின் மகனாக இராஜாஜி பிறந்தார். ஊரின் பிறப்பு இறப்பை எழுதிவைக்கும் கடமை அன்று கிராம முன்சீப்புகளுடையது. அந்த ஆண்டுகளில் எந்தப் பத்தி நீண்டிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? குழந்தைக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் நாட்டின் தலைமை ஆளுநரான அவரும், கணக்கின் கண்ணில், தொரப்பள்ளியில் குறைந்த ஒருவரே.

மொழியின் கதை இன்னும் சிக்கலானது. ஓசூர் என்பதே கன்னடத்தில் ‘புதிய ஊர்’ என்று பொருள்படும். கல்வெட்டுகள் குறிக்கும் பழம்பெயர் செவிடபாடி. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். உருது பேசுவோரும் உண்டு. கணக்கெடுப்புத் தாளிலோ தாய்மொழிக்கு ஓரிடமும், அறிந்த பிற மொழிகளுக்கு இரண்டிடமுமே உண்டு. மூன்று மொழியிலும் கனவு காண்பவனை எந்தக் கட்டத்தில் இடுவது?

1970களில் சிப்காட் தொழில் வளாகம் வந்தது. பின்னர் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்தன. 2011 கணக்கின்படி ஓசூர் நகராட்சியின் பழைய எல்லைக்குள் 1,16,821 பேர். சூசூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஊராட்சிகளும் மத்திகிரிப் பேரூராட்சியும் இணைக்கப்பட்டபின் அதே கணக்கு 2,45,354 என்றாயிற்று. ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பிறக்காமல் நகரம் இருமடங்குக்கு மேல் பெருகியது; ஊராட்சிகள் கணக்கேட்டிலிருந்து மறைந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியுமாயிற்று.

அதே 2011இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 958. தமிழகச் சராசரி 996. வேலை தேடி ஆண்கள் வந்தது ஒரு காரணம் எனலாம். ஆனால் சேலம், தருமபுரிப் பகுதிகளில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதையும், அதனால் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதையும் மறந்துவிட்டு இந்த எண்ணைப் படிக்க என்னால் இயலவில்லை.

2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே ஓசூரை அடுத்த மின்னணுத் தொழிற்சாலைக்குச் சார்க்கண்டிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து விடுதிகளில் தங்கினர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் எழுதிப் பழகிய தாய்மொழிக் கட்டத்தில், இம்முறை சந்தாலி, முண்டாரி என்றும் எழுத வேண்டியிருக்கும்.