கல்லடியில் ஒலிக்கும் கடல்கடந்த தாளம்

கச்சான் காற்று வீசும் கோடை மாலையில் கேட்டு மகிழ்வதற்கு டிசி கில்லெஸ்பியின் 'மன்டேக்கா' என்னும் இசைத்தட்டினும் பொருத்தமானது கிடைப்பது அரிது. 1947 டிசம்பரில் பதிவான அவ்விசையின் உயிர், கியூபாவிலிருந்து வந்த சானோ போசோ முழக்கிய கொங்கா முழவிலேதான் இருக்கின்றது. மறு ஆண்டு டிசம்பரில் போசோ நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும், அவர் கொணர்ந்த ஆப்பிரிக்கத் தாளம் ஜாஸ் இசையை விட்டு அகலவில்லை.

ஐரோப்பியரின் நரம்புக் கருவியும் ஆப்பிரிக்கரின் தாளமும் ஒன்றுகூடிய இத்தகைய வரலாறு மட்டக்களப்பு வாவிக் கரைக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறியது, மொழியோ மாறவில்லை! தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்ட மட்டக்களப்புப் பறங்கியர், தமிழோடு தம் போர்த்துக்கேயக் கலப்பு மொழியையும் வீட்டிலே பேணி வந்தனர். அவர்தம் மணவீடுகளில் வயலினும் ரபானும் முழங்க, ஆணும் பெண்ணும் இணை இணையாக ஆடும் ஆட்டத்துக்குக் 'கஃப்ரிஞ்ஞா' என்று பெயர். ஆப்பிரிக்கரைக் குறித்த 'காப்பிரி' என்னும் சொல்லோடு போர்த்துக்கேயச் சிறுமை விகுதி சேர்ந்து பிறந்த பெயர் அது. இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அம்மக்களின் நினைவு, ஏடுகளில் இருப்பதைவிட இந்த ஒரு சொல்லில் தெளிவாக நிற்கின்றது எனலாம்.

இவ்விசைக்கு நாடறிந்த வாழ்வும் ஒன்று வாய்த்தது. 1940களில் வாலி பஸ்தியான் என்னும் பொலிஸ்காரர் கஃப்ரிஞ்ஞாவின் துள்ளலைச் சிங்களப் பாட்டில் ஏற்றிப் பைலாவை உருவாக்கினார். வானொலி அதனைத் தீவெங்கும் பரப்பிற்று. ஆனால் மூல இசையோ மணவீட்டிலேயே தங்கிவிட்டது. கியூபத் தாளத்துக்கு இசைத்தட்டு கிடைத்தது போல, கல்லடித் தாளத்துக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியை அடுத்த டச்சுபார்க் குடியிருப்பை வாரிச் சென்றது. அங்கு மாண்டோருள் பறங்கியர் பலர். ஏட்டிலே பெரிதும் எழுதப்படாத மொழிக்கும் பாட்டுக்கும் முதியோரின் நினைவே ஏடு. ஆதலின் ஒவ்வோர் இறப்பும் இரட்டிப்பு இழப்பாயிற்று. அண்மை ஆண்டுகளில் போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர் மட்டக்களப்புக்கு வந்து, எஞ்சிய பாட்டையும் பேச்சையும் ஒலி, ஒளிப் பதிவுகளாக்கினர். வீட்டுப் பேச்சு வரவரத் தமிழாகிவிட்ட இளையோர் பலருக்குப் பாட்டின் பொருள் எட்டுவதில்லை. கால்கள் மட்டும் ஆட்டத்தை அறிந்திருக்கின்றன.