பேரேட்டில் ஏறாத கோழி

செட்டிநாட்டு வரலாற்றை எழுத நினைப்பவருக்குக் காகிதப் பஞ்சம் கிடையாது. கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று கப்பலேறிய நகரத்தார் போன இடமெல்லாம் கணக்கு எழுதினார்கள். பேரேடு, ஐந்தொகை என்று அதற்கொரு முறையே இருந்தது. கல்யாணச் சீரில் எத்தனை பாத்திரம் வந்தது என்பதற்குக்கூடப் பட்டியல் போட்டவர்கள் அவர்கள். ஆங்கில அரசு தன் பங்குக்கு வேறு எழுதி வைத்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 மாவட்டங்களில் நெல் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலமாகவே வந்து சேர, 1938-இல் அது 25 சதவீதம் ஆனது. இவ்வளவு துல்லியமாக இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

அதே ஊர்களில் இன்னொரு பொருளாதாரமும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீடுகளின் முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி, அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், மரம் இழைத்தவர்கள், வயலில் இறங்கியவர்கள் வாழ்ந்த தெருக்களின் கொல்லைகளில் அது மேய்ந்தது. நாலு பொட்டைக்கோழி, ஒரு சேவல், காலைச் சுற்றிக் கொஞ்சம் குஞ்சுகள். முட்டை விற்ற காசு வீட்டு ஆம்பளை கைக்குப் போகாது. அரிசிப் பானைக்குள்ளேயோ அஞ்சறைப் பெட்டியின் அடியிலேயோ போகும். அதற்குப் பெயர் சிறுவாடு. பள்ளிக்கூடத்து நோட்டு, திருவிழா வளையல், திடீர்க் காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஆடு மாட்டைப் போலவே கோழியையும் வாரத்துக்கு விடுவார்கள். கோழி என்னுடையது, வளர்ப்பு உன்னுடையது, பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. யோசித்துப் பார்த்தால் ரங்கூன் கடையில் நடந்ததும் இதேபோல முதலைக் கொடுத்துப் பலனை வாங்கும் தொழில்தான். அங்கே எழுத்து இருந்தது, இங்கே இரண்டு பெண்களின் வாய்ப்பேச்சு மட்டும்.

எழுதி வைக்காத ஒன்றுக்கு எப்படி வரலாறு எழுதுவது? என் தொழிலில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார், குறிப்பு ஒன்றும் இருக்காது, நிரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். அதை ஓடவிட்டு, என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பது. கோழிக்கும் அது பொருந்தும். எங்கெங்கோ தெறித்துக் கிடக்கும் சில சாட்சிகள் உண்டு. அவற்றோடு கோழியின் நடத்தையும் ஒரு சாட்சி.

முதல் சாட்சி இலக்கியம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று வருகிறது. காயவைத்த தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. காவலுக்கு இருக்கும் பெண், கைக்குக் கிடைத்ததைப்போலத் தன் கனமான காதணியைக் கழற்றி அதன்மேல் எறிகிறாள். அது போய்க் கிடந்து, சிறுவர்களின் மூன்று சக்கர வண்டிக்கு வழி மறிக்கிறது. உரை சொல்பவர்கள் இந்த இடத்தில் ஊரின் செல்வத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தங்கத்தைக் கோழிமேல் எறிகிற அளவுக்குப் பணக்கார ஊர்! சரிதான். ஆனால் அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. தானியம், கோழி, குழந்தை மூன்றும் ஒரே பெண்ணின் பார்வைக்குள் இருக்கின்றன. மூன்றுக்கும் அவள்தான் பொறுப்பு. நகரத்தார் தங்கள் பூர்வீகமாகச் சொல்வது இதே காவிரிப்பூம்பட்டினத்தைத்தான். அங்கிருந்து வறண்ட பாண்டி நாட்டுக்கு வந்த கதையை இன்றும் சொல்கிறார்கள். நெல் காயப்போட்டுவிட்டுக் கையில் குச்சியோடு உட்கார்ந்து "சூ… சூ…" என்று விரட்டுகிற வேலை காரைக்குடிப் பக்கத்திலும் மாறவில்லை. காதணியை மட்டும் யாரும் எறிவதில்லை.

குறுந்தொகையில் இதைவிட விசித்திரமான சாட்சி உண்டு. 305-ஆம் பாட்டை எழுதியவர் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் அவர் சொன்ன உவமையை வைத்தே அவரைக் குப்பைக்கோழியார் என்கிறோம். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன. ஏவி விட்டவரும் இல்லை, விலக்கி விடுபவரும் இல்லை. தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தன் காதல் துன்பமும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. களத்தில் விட்ட சேவல் சண்டைக்கு ஆள் கூடும், பந்தயம் நடக்கும். குப்பைமேட்டுச் சண்டையை யார் பார்ப்பார்கள்? யாரும் பார்க்காத ஒன்றை ஒரு கவிஞர் நின்று பார்த்திருக்கிறார். அவர் பெயர் போய்விட்டது, கோழி நின்றுவிட்டது.

சேவலின் கதை வேறு. விழுப்புரம் மாவட்டத்தில் அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில், சண்டையிட்ட சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் இருக்கின்றன. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. மனித வீரனுக்குச் செய்வதுபோலவே உருவம் செதுக்கி, எழுத்து வெட்டி நட்டிருக்கிறார்கள். முருகன் கொடியில் சேவல். சோழர் தலைநகர் உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர். யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடம் என்பது கதை. 2011-இல் வந்த ‘ஆடுகளம்’ வரைக்கும் இந்த வரிசை நீளும். ஆம்பளைகள் கூடி நிற்கும் களத்தில் செத்த சேவலுக்குக் கல் கிடைத்தது. 21 நாள் சோறு தண்ணி மறந்து அடைகாத்த பொட்டைக்கோழிக்கு யாரும் கல் நடவில்லை.

அடுத்த சாட்சி கோழியின் ரத்தத்துக்குள் இருக்கிறது. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வீட்டுக்கோழியின் மூதாதையை இன்றைய தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியின் சிவப்புக் காட்டுக்கோழி இனம் ஒன்றில் கண்டது. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, நிச்சயமாக வீட்டுக்கோழி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில், கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலத்தில் இருப்பதாகச் சொன்னது. வயலும் களஞ்சியமும் வந்த பிறகு, சிந்திய தானியத்தைத் தேடிக் காட்டுக்கோழி தானாக மனிதர் பக்கம் வந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. வளவுத் தூணுக்குப் பர்மாத் தேக்கு வந்து இறங்குவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, அந்தத் திசையிலிருந்து கோழி வந்துவிட்டது.

வந்த இடத்தில் அது சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கோழி முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே வந்தது என்று 1868-இல் டார்வின் எழுதினார். 2008-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அதில் ஒரு திருத்தம் போட்டார்கள். பல கோழிகளின் காலிலும் தோலிலும் தெரியும் மஞ்சள் நிறத்துக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. இந்தத் துணைக்கண்டத்தில் எங்கோ ஒரு வீட்டுக்கோழியும் ஒரு காட்டுக்கோழியும் சேர்ந்திருக்கின்றன. அந்த மஞ்சள் கால் பிறகு உலகம் முழுக்க நடந்தது.

இனி கோழியின் நடத்தைக்கு வருவோம். கொல்லையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். தவிடும் குருணையும் பிசைந்து வைத்தவுடன் எல்லாக் கோழியும் ஒன்றாகப் பாய்வது போலத் தெரியும். ஆனால் முதலில் யார் கொத்துவது, யாரை யார் கொத்தி விரட்டலாம் என்பதில் ஒரு வரிசை இருக்கும். நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெரப் எப்பே சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளின் இந்த வரிசையைக் குறிப்பெடுக்க ஆரம்பித்து, 1922-இல் ஆய்வாக வெளியிட்டார். அலுவலகப் பதவி அடுக்கு வரை இன்று எல்லாவற்றுக்கும் இழுக்கப்படும் ‘கொத்து வரிசை’ என்ற கருத்து அங்கேதான் பிறந்தது. சேவல் கூவுவதிலும் வரிசை உண்டு. நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, அதன் உடலுக்குள்ளேயே கடிகாரம் ஓடுகிறது என்று 2013-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னொன்றைக் கண்டார்கள்: கூட்டத்தில் பெரிய சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தங்கள் முறைக்குக் காத்திருக்கும்.

பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், கீரி வந்தால் வேறொரு குரல். 1993-இல் இந்தக் குரல்களைப் பதிவு செய்து, பருந்தும் கீரியும் இல்லாமலே கோழிகளுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். முதல் குரலுக்குக் கோழிகள் பதுங்கி வானத்தைப் பார்த்தன. இரண்டாவதற்குக் கழுத்தை நீட்டித் தரையை நோட்டம் விட்டன. அடுப்படியில் இருந்தபடியே, குரலை மட்டும் கேட்டுக் கல்லை எடுப்பதா கம்பை எடுப்பதா என்று தெரிந்துகொண்ட அப்பத்தாக்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. "ஏத்தா, கோழி கேறுது பாரு, கூடையில வைக்கோலைப் போடு" என்பார்கள். முட்டையிட இடம் தேடுகிற குரல் அது. இட்டு முடித்த பிறகு வரும் கொக்கரிப்பு வேறு.

அடை வைப்பது தனிப் படிப்பு. எந்தக் கோழி கூடையில் நிலைத்து உட்காரும், எது இரண்டே நாளில் எழுந்துவிடும் என்று தெரிய வேண்டும். முட்டையோடு கரித்துண்டும் இரும்புத்துண்டும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள், இடி தாக்காமல் இருக்க. பொரித்த பிறகு பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குஞ்சைக் காப்பது, பழைய பானையில் சாணியும் சாக்கும் அடைத்துக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துப் போடுவது, அடை கலைக்க வேண்டிய கோழியைத் தண்ணீரில் முக்குவது எல்லாம் இதில் அடக்கம். இதற்கு ஏடும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

இவ்வளவும் ஒரே ராத்திரியில் போகவும் கூடும். ராணிக்கேத் என்ற இமயமலை ஊரில் 1927-இல் அடையாளம் காணப்பட்ட நோயை நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். மாலையில் கூட்டில் அடைந்த கோழிகள் காலையில் தலை தொங்கிக் கிடக்கும். சிறுவாட்டின் முதலே அழிந்துவிடும். இதற்குக் காப்பீடும் கிடையாது, கடன் தள்ளுபடியும் கிடையாது. இன்று தமிழ்நாட்டில் வருடா வருடம் கால்நடைத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமை நான் பெரிய விஷயமாக நினைப்பது இதனால்தான்.

1970-களில் எல்லாம் மாறியது. 1971-இல் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் வந்தது. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது. நாமக்கல் முட்டை நகரமானது. அங்கே முட்டை விலை பைசா சுத்தமாக அறிவிக்கப்படுகிறது. கடைசியில் கோழி பேரேட்டில் ஏறிவிட்டது! ஆனால் ஏறிய கோழி வேறு. கொல்லைக் கோழி வருடத்துக்கு 60, 80 முட்டை இடும். நடுவில் அடைக்கு உட்கார்ந்துவிடும். கூண்டுக் கோழி 300-க்கு மேல் இடும், அடைக்கு உட்காராது. அடை என்பது முட்டை இல்லாத நாட்கள், கணக்கில் நட்டம். அதனால் தலைமுறை தலைமுறையாக, அடைக்கு உட்காராத கோழிகளையே தேர்ந்தெடுத்து அந்தக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். தாய்மையை மின்சாரப் பெட்டி எடுத்துக்கொண்டது. ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில் நிற்கிற கோழிக்கு மண்ணில் புரண்டு குளிக்கவும் வழியில்லை.

முட்டை மலிவானது. ஏழைக் குழந்தையின் சத்துணவுத் தட்டில் முட்டை வந்ததற்கு இந்த மாற்றமே காரணம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த விலையோடு போட்டி போட முடியாமல் கூடைக்காரியின் சிறுவாடு சுருங்கியது. கூடவே அவள் அறிவுக்கும் வேலை இல்லாமல் போனது. உலகத்தின் எந்த ஊரிலும் ‘செட்டிநாடு சிக்கன்’ கிடைக்கிறது. சட்டியில் வேகிறது பெரும்பாலும் நாற்பது நாள் பிராய்லர். ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம்.

கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நானும் எழுதியிருப்பேன், 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால். அதன்படி இந்தியாவில் கொல்லைப்புறக் கோழியினம் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட 46 சதவீதம் அதிகம். பண்ணைக் கோழியின் வளர்ச்சி அதே காலத்தில் 4.5 சதவீதம்தான். கொல்லை காலியாகவில்லை. நாட்டுக்கோழிக்கும் அதன் முட்டைக்கும் நல்ல விலை இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்துவிட்டது, அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்பது அந்த எண்ணில் இல்லை. விலை ஏறியதும் கோழி வளர்ப்பு ‘தொழில்’ ஆகிவிடுகிறது. தொழில் ஆனதும் கணக்கு ஆம்பளை கைக்கு மாறுவதை எத்தனையோ விஷயங்களில் பார்த்திருக்கிறோம்.

பர்மாவில் போன நிலத்துக்குக் காகிதம் இருக்கிறது. அதை வைத்து இன்னும் நூறு வருடத்துக்கு ஆராய்ச்சி செய்யலாம். முட்டைக் காசுக்கான சாட்சிகள் இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் முட்டை என்ன விலை என்று கேட்காதீர்கள், அது எங்காவது கிடைத்துவிடும். அந்தக் காசில் என்ன வாங்கினீர்கள், அது யாருக்கெல்லாம் தெரியாது என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள்.