மூன்று நாள் முந்திக்கொண்ட இசைத்தட்டு

2006 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. ‘டோனட்ஸ்’ என்ற இசைத்தட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் யான்சிக்கு அன்று 32-வது பிறந்தநாள். அந்த வெள்ளிக்கிழமை, 10-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸில் தாம் தங்கியிருந்த வீட்டிலேயே அவர் இறந்துபோனார். ஊரிலிருந்து வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவால் மகனைக் காப்பாற்ற முடியவில்லை.

ஜே டில்லா என்பது அவர் மேடைப்பெயர். ராப் பாடுவார், ராப் பாடுகிறவர்களுக்கு பீட் போட்டுக் கொடுப்பார். இரண்டாவது வேலையில்தான் அவருக்கு இணை இல்லை. ஆனால் அவர் இறந்த வாரம் அவருடைய பெயரைச் சொன்னால், தெருவில் போகிற சாதாரண ரசிகர் யாரென்று கேட்டிருப்பார். இசைக்கூடங்களுக்குள் இருந்தவர்கள் மட்டும் எழுந்து நின்றிருப்பார்கள்.

டெட்ராய்ட் நகரின் கோனன்ட் கார்டன்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அம்மா மொரீன் ஆப்ரா பாடப் பயின்றவர். அப்பா ஜாஸ் பாஸ் வாசித்தவர். அதே ஊர்க்காரரான ஆம்ப் ஃபிட்லர் என்ற இசைக்கலைஞர்தான் தம் வீட்டில் வைத்து, எம்.பி.சி. என்ற கருவியை இந்தப் பையனுக்குப் பழக்கினார். பள்ளித் தோழர்கள் இருவரோடு சேர்ந்து ‘ஸ்லம் வில்லேஜ்’ குழு பிறந்தது. 1994-இல் ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ குழுவின் கியூ-டிப்பிடம் அவரை அறிமுகம் செய்து வைத்ததும் ஃபிட்லர்தான். பிறகு ஃபார்சைட், காமன், எரிக்கா பாடு என்று வரிசையாக வேலை வந்தது. பல பாடல்களில் ‘தி உம்மா’ என்ற கூட்டுப் பெயரே அச்சானது. பாட்டைக் கேட்டவர்களுக்கு டெட்ராய்ட்டின் நிலவறையில் உட்கார்ந்து அதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எம்.பி.சி.யில் 16 ரப்பர் கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விரலால் தட்டினால் ஒரு ஒலி எழும். தட்டும் கை சற்று முந்தினாலும் பிந்தினாலும் கருவி அதைக் கணக்கான இடத்துக்கு இழுத்துவிடும். மனிதக் கையின் பிசகைத் திருத்துவதற்கென்றே கருவி வடிவமைப்பாளர் ரோஜர் லின் அந்த வசதியை வடிவமைத்தார். டில்லா அதைச் சில ஒலிகளுக்கு அணைத்து வைத்தார். சிலவற்றை வேண்டுமென்றே மயிரிழை நகர்த்தினார். ஸ்னேர் டிரம் அவசரப்படும், கிக் டிரம் சோம்பும், மேலே இன்னொன்று நேராக ஓடிக்கொண்டிருக்கும். நம் கச்சேரியில் பாட்டு சமத்தைத் தாண்டி எடுத்தாலும் கீழே தாளம் அசைவதில்லை. இங்கே தாளத்தின் உள்ளேயே மூன்று பேர் மூன்று நடையில் நடந்தார்கள். ஆனாலும் யாரும் இடறி விழவில்லை. முதலில் கேட்ட டிரம்மர்களுக்குத் தலை சுற்றியது. பாடகர் டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ இசைத்தட்டுக்காக டிரம்மர் குவெஸ்ட்லவ் இந்தத் தள்ளாட்டத்தைக் கையால் வாசிக்கப் பழகினார். கருவியின் ஒழுங்கைக் குலைத்துப் பிறந்த ஒன்றை மனிதக் கை படித்துக்கொண்டது! இசை வரலாற்றில் இப்படிப்பட்ட நாட்கள் அதிகம் இல்லை.

2002 வாக்கில் நோய் வந்தது. ரத்தத்தட்டுகள் உறைந்து சிறுநாளங்களை அடைக்கும் அரிய நோய், அதோடு லூபஸ். 2004-இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டில் பாதி நாள், மருத்துவமனையில் பாதி நாள், டயாலிசிஸ். 2005 கடைசியில் ஐரோப்பிய மேடைகளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார்.

‘டோனட்ஸ்’ இந்தக் காலத்துப் பிள்ளை. பீட் போடுகிறவர்கள் புதிதாகச் செய்தவற்றை ஒரு சி.டி.யில் அடைத்து, பாடகர்கள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று நண்பர்களிடம் கொடுப்பது வழக்கம். அப்படி அவர் கொடுத்த ஒரு சி.டி.யின் பெயர்தான் அது. டோனட் என்ற தின்பண்டத்தின் மேல் அவருக்கு ஆசை உண்டு. நடுவில் பெரிய ஓட்டையோடு இருக்கும் நிமிடத்துக்கு 45 சுழற்சி இசைத்தட்டும் பார்க்க அப்படித்தான் இருக்கும். ‘ஸ்டோன்ஸ் த்ரோ’ நிறுவனத்தார் இதையே இசைத்தட்டாக வெளியிடலாம் என்றார்கள். கைவசம் இருந்ததோ சிறிய தொகுப்பு. அங்கே கலை இயக்குநராக இருந்த ஜெஃப் ஜாங்க் அதை நீட்டிக் கோத்து முழுத் தட்டின் அளவுக்குக் கொண்டுவந்தார்.

மொத்தம் 31 துண்டுகள், பெரும்பாலும் ஓரிரு நிமிடமே ஓடுபவை. ராப் வரிகள் இல்லை. பழைய சோல் பாடல்களின் குரல்கள் வெட்டப்பட்டு, திரும்பத் திரும்ப அழைப்பதுபோல் வருகின்றன. முதல் துண்டின் பெயர் ‘டோனட்ஸ் (அவுட்ரோ)’; அவுட்ரோ என்றால் முடிப்பு. கடைசித் துண்டு மறுபடி முதலுக்கே கொண்டுபோய் விடுகிறது. இறந்தவரின் கையிலிருந்து வந்தது என்று தெரிந்து கேட்டால், எல்லாமே விடைபெறுதலாகக் கேட்கும். ‘ஹாய்’ என்றொரு துண்டு, அடுத்தது ‘பை’.

இங்கேதான் ஒரு கதை ஒட்டிக்கொண்டது. இசைத்தட்டு முழுக்க மருத்துவமனைக் கட்டிலில் உருவானது. நண்பர்கள் கொண்டுவந்த சிறிய சாம்ப்ளரும் கையடக்க ரிக்கார்டு பிளேயரும்தான் கருவிகள். வீங்கிய விரல்களை அம்மா பிடித்துவிட, மகன் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் மறைந்த சில வாரங்களிலேயே பத்திரிகையில் வந்த இந்தச் சித்திரம் உலகெங்கும் பரவியது. 2022-இல் வந்த ‘டில்லா டைம்’ நூலில் டேன் சார்னஸ் இதை நிதானமாகப் பிரித்துக் காட்டினார்: பெரும்பகுதி வீட்டில் செய்யப்பட்டது, மருத்துவமனையில் நடந்தது குறைவு, கோத்ததில் ஜாங்கின் பங்கு பெரிது. அம்மா விரல்களைப் பிடித்துவிட்டதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கட்டில் கதை அந்தக் கலைஞனுக்கு ஒரு சிறிய அநீதி செய்கிறது என்று நினைக்கிறேன். அது நம்மை நோயைக் கேட்க வைக்கிறது. பதினைந்து வருடம் விரல்நுனியில் சேர்த்த வித்தை பின்னால் தள்ளப்படுகிறது.

மறைவுக்குப் பிறகு புகழ் வளர்ந்த விதம் வியப்பானது. ‘டோனட்ஸ்’ துண்டுகளின் மேல் அதே 2006-இல் ராப் பாடகர் கோஸ்ட்ஃபேஸ் கில்லாவும் தி ரூட்ஸ் குழுவும் பாட்டு கட்டினார்கள். 2009-இல் இசையமைப்பாளர் மிகேல் ஆட்வுட்-ஃபெர்குசன் அவருடைய பீட்களை வாத்தியக்குழுவுக்கு எழுதி, ‘மா டியூக்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் அந்த அம்மாவின் பெயரால் அரங்கேற்றினார். ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அந்தத் தள்ளாட்டத்தைத் தங்கள் மொழியாக்கிக்கொண்டார்கள். பிரான்சின் மோன்பெலியே நகரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர். இதற்கு நடுவே வீட்டு நிலைமை வேறு: வரிபாக்கியும் சொத்து வழக்கும். மகன் இசையின் மேல் அம்மாவுக்கே பிடி இல்லாத வருடங்கள் இருந்தன. ஆனாலும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஊர் ஊராக நடந்த ‘டில்லா டே’ மேடைகளில் ஏறி அவர் மகனைப் பற்றிப் பேசினார். 2014-இல் டில்லாவின் எம்.பி.சி. 3000-ஐயும், அவருக்கென்றே செய்யப்பட்ட மூக் சிந்தசைசரையும் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

புதிய தட்டுகளும் வந்தன. பாதியில் நின்ற ‘தி ஷைனிங்’கை அதே 2006-இல் நண்பர் கரீம் ரிகின்ஸ் முடித்துக் கொடுத்தார். 2009-இல் ‘ஜே ஸ்டே பெய்ட்’. பல வருடங்கள் ஒரு நிறுவனத்தின் அலமாரியில் தூங்கிய அவருடைய ராப் தட்டு ‘தி டயரி’ 2016-இல்தான் வெளிச்சம் கண்டது. அவர் மறைந்து பத்து வருடம் கழித்து அந்தக் குரல் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் நன்றியோடு கேட்கிறேன். ஆனால் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா ஒரு பேட்டியில் சொன்ன சம்பவம் நினைவுக்கு வந்து ஒரு கணம் கை தயங்குகிறது. மகன் டயாலிசிஸுக்குப் போயிருந்த நேரத்தில், உருவாகிக்கொண்டிருந்த ‘டோனட்ஸை’ அவர் மறைவாக எடுத்துக் கேட்டுவிட்டார். தெரிந்ததும் மகனுக்குக் கடுங்கோபம். முடிந்த பிறகுதான் யாரும் கேட்கலாம், அம்மாவாக இருந்தாலும். பின்னால் வந்த தட்டுகளை மகன் பார்க்கவில்லை. ‘டோனட்ஸை’க் கோத்தவர் ஜாங்க் என்றாலும், வெளியே போகலாம் என்று கையை எடுத்தவர் அவரே.